"அப்பல்லாம் எங்க போயிருந்தீங்க?" : தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

2025 பிப்ரவரி

சட்டமன்றப் பேரவைத் தலைவருக்கும், ஆளுங்கட்சி எதிர்க்கட்சின்னு பாக்காம 234 உறுப்பினர்களுக்கும்,

போன ஜனவரி 26, ஞாயித்துக்கிழமை, எங்க ஊர் கிராம சபையில நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். உத்திரமேரூர் பக்கம் சின்ன ஊரு எங்களுது, பேரு வேணாம். பொங்கலுக்கு முன்னாடி ரெண்டு மூணு பேர் கார்ல வந்து ஏரிக்கரை மேல நின்னு போன்ல படம் எடுத்துகிட்டு, வரத்துக்கால் எங்க இருந்து வருது, பட்டா நிலம் எதுவரைக்கும்னு மாடு மேய்ச்சவங்ககிட்ட விசாரிச்சுட்டுப் போயிருக்காங்க. யாருன்னு தெரியல. நிலம் பாக்க வந்த புரோக்கரா இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனா பெரிய திட்டங்களுக்காக ஏரி, ஓடை நிலத்தையும் சேத்துக்க வழி விடுற நில ஒருங்கிணைப்புச் சட்டத்துக்கு விதிகள் போட்டு போன அக்டோபர்ல அமலுக்கும் கொண்டு வந்துட்டாங்கன்னு பேப்பர்ல படிச்சதுல இருந்து, ஏரிக்கரையில புதுசா யார் நின்னாலும் எங்களுக்கு வயித்தக் கலக்குது. அதான் கேட்டேன், எங்க ஏரியச் சேத்து ஏதாவது திட்டம் வருதா, வந்தா இந்த சபைகிட்ட ஒரு வார்த்தை கேப்பீங்களான்னு.

வந்திருந்த அதிகாரி கோவப்படல, சிரிச்சுகிட்டேதான் சொன்னார். "அந்தச் சட்டம் 2023லயே பாஸ் ஆயிடுச்சுங்க. எதிர்ப்பு இருந்தா அப்பவே சொல்லியிருக்கணும். அப்பல்லாம் எங்க போயிருந்தீங்க?"

ஷாமியானாவுக்குக் கீழ நாலு பேர் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டு உக்காந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி ஷிஃப்டுக்குப் போயி மெஷின் முன்னாடி நிக்கும்போதுதான் எரிச்சல் ஏறுச்சு, ஏன்னா அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இருக்கு. நான் எங்க இருந்தேன்னு மணி கணக்கா சொல்ல முடியும். அந்த பதிலைக் கேக்க வேண்டியவங்க அந்த அதிகாரி இல்ல, நீங்க.

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. பட்ஜெட் கூட்டத்தொடரோட கடைசி நாள். எனக்கு செகண்ட் ஷிஃப்ட், மூணு மணிக்கு உள்ள இருக்கணும். ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில சிஎன்சி மெஷின் ஓட்டுறேன், பதினாலு வருஷமா. ஊர்ல இருந்து கம்பெனி பஸ் புடிச்சுப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், அதனால ஒரு மணிக்கே சாப்பிட்டுட்டு ரோட்டுல வந்து நின்னுடணும். நீங்க கோட்டையில குளு குளுன்னு உக்காந்து "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" கேட்டுகிட்டு இருந்த அன்னிக்கு நான் ரோட்டோரப் புளியமரத்தடியில டிபன் பாக்ஸோட பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தேன். எங்க போயிருந்தேன்னு கேட்டா, அங்கதான் போயிருந்தேன்.

அன்னிக்கு ஒரே நாள்ல ரெண்டு மசோதா நிறைவேத்துனீங்க. ஒண்ணு என் வேலை நேரத்தைப் பத்தினது, இன்னொண்ணு எங்கப்பாவோட ஏரியைப் பத்தினது. எங்க குடும்பத்துக்கு இருக்கிறதே அந்த ரெண்டுதான், என் ஷிஃப்டும் ஏரிக்குக் கீழ ரெண்டு ஏக்கரும். ரெண்டையும் குரல் வாக்கெடுப்புல முடிச்சுட்டு சபையை ஒத்தி வெச்சுட்டுப் போயிட்டீங்க.

முதல் மசோதாவைப் பத்தி எல்லாருக்கும் தெரியும், பன்னண்டு மணி நேர வேலை. 1948ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்துல ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல கூடாது, நடுவுல ஓய்வு குடுக்கணும், மேல வேலை வாங்குனா ரெண்டு மடங்கு சம்பளம்னு இருந்த பிரிவுகள்ல இருந்து அரசாங்கம் நினைச்சா ஒரு கம்பெனிக்கு விலக்கு குடுக்கலாம்னு 65ஏ-ன்னு புதுசா ஒண்ணைச் சேத்தீங்க. அமைச்சர்கள் சொன்ன விளக்கத்தை நானும் படிச்சேன், வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நாலு நாள் வேலை மூணு நாள் லீவு, விரும்புனவங்களுக்கு மட்டும்னு. விரும்புனவங்களுக்கு மட்டுமாம். என் லைன்ல நிக்கிற காண்ட்ராக்ட் பசங்ககிட்ட சூப்பர்வைசர் "ஓடி (ஓவர்டைம்) நிக்கிறியா"ன்னு கேப்பாரு, அதுல எங்க கேள்விக்குறி இருக்குன்னு ஒரு தடவை வந்து நின்னு பாருங்க. எனக்கு இப்பவே ஷிஃப்டு எட்டரை, பஸ் மூணு, பதினொண்ணரை மணி நேரம் போயிடுது. பன்னண்டு மணி நேர ஷிஃப்டுன்னா பதினஞ்சு ஆயிடும். மிச்சம் ஒன்பது மணி நேரத்துல தூங்கவா, குளிக்கவா, பொண்ணு மூஞ்சியப் பாக்கவா?

இதுல கொடுமை என்னன்னா சிங்காரவேலர் சென்னையில மே தினம் கொண்டாடுனது 1923ல, இந்தியாவுலயே முதல் தடவை. சரியா அதோட நூறாவது வருஷத்துல, மே தினத்துக்குப் பத்து நாள் முன்னாடி அதே சென்னையில இந்த மசோதா. உங்க கூட்டணியில இருந்த கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்க, காங்கிரஸ், விசிக எல்லாரும் எதிர்த்து வெளிநடப்பு பண்ணாங்க, அப்பவும் நிறைவேறுச்சு. திங்கக்கிழமை தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசி நிறுத்தி வெச்சீங்க, மே 1ம் தேதி முதலமைச்சர் வாபஸ்னு அறிவிச்சார். நல்லதுதான், நாங்களும் அன்னிக்கு கம்பெனி கேட்டாண்ட ஸ்வீட் குடுத்தோம். ஆனா அப்பவே எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. கொண்டு வர்றதுக்கு முன்னாடி சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசியிருந்தா பத்து நாள் தமிழ்நாடே கொதிச்சிருக்காது. பாஸ் பண்ணது சபையில, வாபஸ் வாங்குனது மே தின விழாவுல. நடுவுல அந்த சபைக்கு என்ன மரியாதை மிச்சம்? அது உங்க சபை, நீங்கதான கவலைப்படணும்.

இப்ப ரெண்டாவது மசோதாவுக்கு வரேன், ஏன்னா அதுக்கு யாரும் ஸ்வீட் குடுக்கல.

பன்னண்டு மணி நேரப் பிரச்சினையில டிவி, பேப்பர், வாட்ஸப் எல்லாம் ஓடிகிட்டு இருந்தப்ப அதே நாள் விவாதமே இல்லாம நிறைவேறுன இன்னொரு மசோதாவை யாரும் கவனிக்கல, நானும் கவனிக்கல, உண்மையைச் சொல்லணும். தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதா. 100 ஹெக்டேருக்குக் குறையாத இடம், அதாவது கிட்டத்தட்ட 247 ஏக்கர், அதுக்குள்ள ஏரியோ ஓடையோ வாய்க்காலோ வந்தா, அரசு அதை சிறப்புத் திட்டம்னு அறிவிச்சு, நிபுணர் குழு வெச்சு, அந்த நீர்நிலை நிலத்தையும் சேத்து ஒருங்கிணைக்கலாம், மாத்திக்கலாம். நீர்ப்பிடிப்பு குறையாதுன்னு சொல்றீங்க, கருத்துக் கேப்பு இருக்குன்னு சொல்றீங்க. இருக்கட்டும். ஆனா ஏரின்னா என்னன்னு தெரிஞ்ச ஒரு ஆளையாவது கேட்டு எழுதுனீங்களா?

எங்க காஞ்சிபுரம் பக்கத்துக்கு ஏரி மாவட்டம்னே பேரு. ஏரின்னா அண்டா மாதிரி ஒரு இடத்துல தண்ணி புடிச்சு வெக்கிறது இல்லைங்க. மேல் ஊர் ஏரி நிரம்பி கலங்கல் வழியா வழிஞ்சா அது எங்க வரத்துக்கால்ல வரும், எங்களுது வழிஞ்சா போக்குக்கால் வழியா கீழ் ஊருக்குப் போவும். நடுவுல இருக்கிற மேய்க்கால், புறம்போக்கு, பள்ளம், எல்லாமே ஏரிதான். எங்கப்பாவோட ரெண்டு ஏக்கர் ரெண்டாவது மதகுக்குக் கீழ. நல்ல வருஷம்னா சம்பா முடிச்சு நவரையும் வெப்பாரு, தண்ணி இருந்தா சொர்ணவாரியும். பக்கத்து ஊர்ல ஒரு லேஅவுட் போட்டவன் வரத்துக்கால வாய்க்கால்னு நினைக்காம ரோட்டுக்காக நாலடி தள்ளிப் போட்டான், அகலம் குறைக்கல, அளவெல்லாம் பேப்பர்ல சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டு மழைக்காலம் எங்க கடைசி மதகு நிலங்களுக்குத் தண்ணி ஏறல. மட்டம் போச்சு. அரை அடி மட்டம்தான். அதை சரி பண்ண நாங்க எத்தனை ஆபீஸ் படி ஏறுனோம், எத்தனை மனு எழுதுனோம்னு சொல்ல ஆரம்பிச்சா இந்த மடல் முடியாது. நாலடிக்கே அந்த கதின்னா 247 ஏக்கருக்கு?

இதை ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்க ஊர் நீர்க்கட்டியை, அதான் மதகு திறந்து வயலுக்குத் தண்ணி விடுறவரை, ஒரு கமிட்டி முன்னாடி உக்கார வெச்சிருந்தா அவர் சொல்லியிருப்பார். எழுபது வயசு அவருக்கு, கையெழுத்து தகராறு, ஆனா எந்த மதகை எத்தனை விரக்கடை தூக்குனா எந்த நிலத்துக்கு எப்பத் தண்ணி போவும்னு சொல்லுவாரு. உங்க சட்டத்துல நிபுணர் குழு இருக்கு, அதுல அவர் இருக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம், இதை நினைச்சா சிரிப்பா வருது. அந்த ஏப்ரல் 21க்கு சரியா பதினோரு நாள் முன்னாடி, ஏப்ரல் 10ம் தேதி, இதே சபையில நீங்க ஒரு தீர்மானம் போட்டீங்க. மசோதாக்கள்ல கவர்னர் முடிவெடுக்க கால வரம்பு வேணும்னு. அன்னிக்கே ஆன்லைன் ரம்மி தடை மசோதாவுக்கு அவர் கையெழுத்தும் போட்டார், அது 2022 அக்டோபர்ல நீங்க அனுப்பினது, நடுவுல திருப்பி அனுப்பி, மறுபடி மார்ச்ல நிறைவேத்தி, இதுக்குள்ள எத்தனை பேர் கடன்ல செத்தாங்க. நீட் விலக்கு மசோதாவும் அப்படித்தான், 2021 செப்டம்பர்ல நிறைவேத்துனது, 2022 பிப்ரவரியில திரும்பி வந்துச்சு, எட்டாந்தேதி மறுபடி நிறைவேத்துனீங்க. 2023 நவம்பர்ல பத்து மசோதாவை நிறுத்தி வைக்கிறேன்னு அனுப்பினார், 18ம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டு பத்தையும் மறுபடி நிறைவேத்துனீங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. இதுல நான் உங்க பக்கம். ஓட்டு வாங்காத ஒருத்தர் ஓட்டு வாங்குன சபையோட பேப்பர் மேல உக்காந்துகிட்டு அரசியல் பண்றது அநியாயம்.

ஆனா இந்த நில ஒருங்கிணைப்பு மசோதாவுக்கு மட்டும் கவர்னர் எத்தனை நாள் எடுத்தார்? 2023 ஆகஸ்ட்லயே ஒப்புதல் வந்துருச்சு. நாலு மாசம். ரம்மிக்கு சண்டை, நீட்டுக்கு சண்டை, பல்கலைக்கழகத்துக்கு சண்டை, ஏரிக்கு மட்டும் ரெண்டு பேரும் ராசி. அவர் இழுத்தடிச்சு அதிகாரம் காட்டுறார், நீங்க அவசரப்படுத்தி அதிகாரம் காட்டுறீங்க. அவருக்குக் கால வரம்பு கேக்குறீங்களே, எங்களுக்கு யாருங்க கால அவகாசம் குடுப்பா?

உடனே ஆளுங்கட்சி நண்பர்கள் டெல்லியப் பாருன்னு சொல்லுவீங்க. பாத்தேன். மூணு விவசாயச் சட்டத்துல ரெண்டை 2020 செப்டம்பர் 20ம் தேதி ராஜ்யசபாவுல எண்ணிக்கை வாக்கெடுப்பு கேட்டும் குடுக்காம குரல் வாக்கெடுப்புல முடிச்சது, மறுநாள் எட்டு எம்பிக்களை சஸ்பெண்ட் பண்ணது, ஒரு வருஷம் கழிச்சு அதே சட்டங்களை ரத்து பண்றப்பவும் விவாதம் இல்லாமலே ரத்து பண்ணது. 2023 டிசம்பர்ல ரெண்டு சபையிலயும் சேத்து 146 எம்பிக்களை வெளிய அனுப்பிட்டு மூணு குற்றவியல் சட்டத்தை நிறைவேத்துனது. அதுலயும் சேலம் எம்பி அன்னிக்கு சபையிலேயே இல்ல, அவரையும் சேத்து சஸ்பெண்ட் பண்ணிட்டு அப்புறம் வாபஸ் வாங்குனாங்க, அவ்வளவு கவனமா நடந்துச்சு. நிலைக்குழுவுக்கு மசோதா போறது 15வது லோக்சபாவுல நூத்துக்கு 71 இருந்தது, போன லோக்சபாவுல 16க்கு வந்துருச்சு. இதையெல்லாம் ஜனநாயகப் படுகொலைன்னு நீங்க சொன்னீங்க, நானும் ஸ்டேட்டஸ் வெச்சேன். டெல்லியில நடந்தா படுகொலை, கோட்டையில நடந்தா நிர்வாக வேகமா?

மதுரை மேலூர் டங்ஸ்டன் சுரங்க விஷயம் இப்ப போன மாசம்தான் முடிஞ்சுது, அதை எடுத்துக்குங்க. 2023 ஜூலை ஆகஸ்ட்ல மணிப்பூர் கலவரத்தைப் பத்தி எதிர்க்கட்சிங்க கத்திகிட்டு இருந்த கூச்சல்லயே கனிமச் சட்டத் திருத்தம் ரெண்டு சபையிலயும் ஓடுச்சு. முக்கிய கனிமங்களை ஏலம் விடுற அதிகாரம் மத்திய அரசுக்குப் போச்சு. அரிட்டாபட்டியில, நாயக்கர்பட்டியில அன்னிக்கு யாருக்காவது தெரியுமா, தன் மலையைப் பத்தி டெல்லியில ஒரு மசோதா ஓடுதுன்னு? 2024 நவம்பர்ல ஏலம் முடிஞ்சு செய்தி வந்தப்பதான் ஊரே எழுந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் நீங்க டிசம்பர் 9ம் தேதி தீர்மானம் போட்டீங்க, ஜனங்க மதுரை வரைக்கும் நடந்தாங்க, ஜனவரி 23ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. அந்த மக்ககிட்டயும் யாராவது ஒரு அதிகாரி "அப்பல்லாம் எங்க போயிருந்தீங்க"ன்னு கேட்டிருப்பாரு, கண்டிப்பா.

அந்த தீர்மானத்தன்னிக்கு ராஜ்யசபாவுல எந்தக் கட்சி எம்பி அந்த மசோதாவை ஆதரிச்சுப் பேசினார்னு உங்களுக்குள்ள ஒரே சண்டை. நான் அதை ரசிச்சுப் பாத்தேன், ஏன்னா அங்க யார் என்ன பேசினாங்கன்னு முழுசா வீடியோ இருக்கு, தோண்டி எடுத்து சண்டை போட முடியுது. எங்க ஏரிக்கு அந்த வசதி கிடையாது. உங்க கேள்வி நேரத்தை 2022ல இருந்து நேரலையில காட்டுறீங்க, சந்தோஷம். ஆனா கேள்வி நேரத்துல சட்டம் பொறக்கறதில்லையே. குரல் வாக்கெடுப்புல யார் ஆம் சொன்னா, யார் இல்லைன்னு சொன்னா, யார் வெளிய டீ குடிச்சுட்டு இருந்தான்னு எங்கயும் பதிவாகாது. 234 பேர்ல என் ஏரிக்கு "ஆம்" சொன்னவர் யார்னு நான் இன்னைக்கு வரைக்கும் தேடிட்டு இருக்கேன்.

அதிமுக உறுப்பினர்கள் இதைப் படிச்சு தலையாட்ட வேண்டாம். உங்களுக்கும் கணக்கு இருக்கு. நிலம் எடுக்கிறதுல ஜனங்க சம்மதம் வேணும், சமூகத் தாக்கம் ஆய்வு பண்ணணும்னு 2013ல மத்திய சட்டம் வந்துச்சு. அதுல இருந்து தப்பிக்க தமிழ்நாட்டோட மூணு சட்டத்துக்கு விலக்கு வாங்குனீங்க. 2019 ஜூலை 3ம் தேதி ஹைகோர்ட் அந்த மூணையும் செல்லாதுன்னுச்சு. அதே ஜூலை முடியறதுக்குள்ள சபையில ஒரு புது மசோதா, பழைய சட்டங்களுக்கு 2013ல இருந்தே உயிர் இருந்த மாதிரி பின்தேதி போட்டு. கோர்ட் வாசல்ல ஜெயிச்ச விவசாயி வீடு வந்து சேர்றதுக்குள்ள தோத்துட்டான். 2021ல சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிருச்சு, செல்லும்தான், அதிகாரம் இருக்கு உங்களுக்கு. அப்புறம் ஆட்சி மாறுச்சு, சட்டம் மாறல. அந்த 1997ம் வருஷத் தொழில் நோக்க நிலம் எடுப்புச் சட்டத்துலதான் இன்னைக்கு பரந்தூர்ல ஏர்போர்ட்டுக்கு நிலம் எடுக்குறாங்க. எங்க சொந்தக்காரங்க சில பேர் அந்தப் பக்கம் இருக்காங்க. ஏகனாபுரத்துல கிராம சபை கூடுற ஒவ்வொரு தடவையும் வேணாம்னு தீர்மானம் போட்டுகிட்டே இருக்காங்க, அந்த நோட்டு எங்க போவுதுன்னு உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

பேரவைத் தலைவர் நாற்காலியைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், இப்ப இருக்கிறவர மட்டும் சொல்லல. எங்க அக்காவைக் கட்டிக் குடுத்த இடம் திருப்போரூர் தொகுதி. 2017 செப்டம்பர் 18ம் தேதி 18 எம்எல்ஏக்களைத் தகுதிநீக்கம் பண்ணதுல அவங்க எம்எல்ஏவும் ஒருத்தர். இடைத்தேர்தல் வந்தது 2019 ஏப்ரல்ல. ஒன்றரை வருஷத்துக்கு மேல அந்தத் தொகுதிக்கு எம்எல்ஏவே கிடையாது, மாமாவுக்கு ஆபரேஷனுக்கு ஒரு சிபாரிசு லெட்டர் வாங்க பக்கத்துத் தொகுதிக்கு அலைஞ்சாங்க. அதே 2017 பிப்ரவரியில நம்பிக்கை வாக்கெடுப்புல அரசுக்கு எதிராவே ஓட்டுப் போட்ட 11 பேர் மேல நடவடிக்கை எடுக்காம வருஷக்கணக்குல அப்படியே கிடந்துச்சு, அதுல ஒருத்தர் துணை முதலமைச்சராவே ஆயிட்டார். ஒரு ஃபைல ஓட விட்டா 18 தொகுதி காலி, இன்னொரு ஃபைலுக்கு மேல உக்காந்தா ஆட்சி பத்திரம். கவர்னர்கிட்ட நீங்க எதைக் குத்தம் சொல்றீங்களோ அதுதான இது?

110 விதி வேற. அமைச்சர் எழுந்து அறிக்கை படிப்பார், அது மேல விவாதம் கிடையாது, மேசையைத் தட்டலாம், அவ்வளவுதான். அம்மா காலத்துல தினம் ஒண்ணு வந்துச்சு, அப்ப திட்டுனவங்க இப்ப அவங்களே படிக்கிறாங்க.

எங்க உத்திரமேரூர்க் கல்வெட்டை பெருமை பேசாத கட்சியே கிடையாது. டெல்லியில புது பார்லிமெண்ட்டுக்கு அடிக்கல் நாட்டுறப்ப பிரதமரும் பேசினார். பராந்தக சோழன் காலத்துல குடவோலை முறைன்னு ஸ்கூல் பசங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுறாங்க. அது பிராமண ஊர், நிலம் வெச்சிருக்கிறவங்களுக்கும் வேதம் தெரிஞ்சவங்களுக்கும் மட்டும்தான் இடம், எங்க பாட்டன் பூட்டன் ஓலையெல்லாம் அந்தக் குடத்துல விழுந்திருக்காது, அதனால எனக்கு அதுல பெரிய கிறக்கம் ஒண்ணும் இல்ல. ஆனாலும் அந்தச் சுவத்துல ரெண்டு விஷயம் இருக்கு. ஏரிக்குன்னே தனியா ஏரி வாரியம் இருந்துச்சு. வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவன் மறுபடி நிக்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாது. பெருமை பேசுறப்ப அந்த ரெண்டாவது வரியையும் சேத்துப் படிங்க.

பல்கலைக்கழக மானியக் குழுவோட (யுஜிசி) வரைவு விதிகளை எதிர்த்து போன மாசம் 9ம் தேதி நீங்க தீர்மானம் போட்டீங்களே, சரியான தீர்மானம். ஆனா அந்த யுஜிசி கூட வரைவை வெளியிட்டு கருத்து சொல்ல 30 நாள் குடுத்துச்சு, அதனாலதான் உங்களால எதிர்த்துத் தீர்மானமே போட முடிஞ்சுது. எங்க ஏரிக்கு 30 நிமிஷம் குடுத்தீங்களா? 2014லயே மத்திய அரசு ஒரு கொள்கை வெச்சுது, மசோதா வரைவை 30 நாளாவது பொதுவுல வெக்கணும்னு. அவங்களே அதை ஒழுங்கா செய்யறதில்லை, அது வேற கதை. மாநில சுயாட்சி பேசுற நாம அவங்களுக்கு முன்னாடியே அதை செஞ்சு காட்டியிருக்க வேணாமா? பக்கத்துல கேரளாவுல மசோதாக்களை சப்ஜெக்ட் கமிட்டி பாத்துட்டுத்தான் சபைக்குத் திருப்பி விடுறாங்க, 1980கள்ல இருந்தே. அவங்க ஒண்ணும் நம்மளை விட மெதுவா போயிடல.

இப்ப நான் கேக்குறதை நேரா சொல்லிடறேன்.

மார்ச்ல பட்ஜெட் கூட்டத்தொடர் வருது. அதோட கடைசி நாள்ல புதுசா எந்த மசோதாவையும் நிறைவேத்தாதீங்க. நிலம், தண்ணி, வேலை நேரம், இந்த மூணுல எதைத் தொடுற மசோதாவா இருந்தாலும் வரைவைத் தமிழ்ல, எனக்குப் புரியற தமிழ்ல, 30 நாள் முன்னாடி வெளியிடுங்க, ஏரி சம்பந்தப்பட்டதுன்னா ஊராட்சி போர்டுல ஒட்டுங்க, வெப்சைட்ல போட்டுட்டோம்னு சொல்லாதீங்க, எங்கப்பாவுக்கு வெப்சைட் தெரியாது. எதிர்ப்பு இருக்கிற மசோதாவை தேர்வுக் குழுவுக்கு அனுப்ப உங்க விதியிலேயே வழி இருக்கு, அனுப்புங்க, அந்தக் குழு ஒரு தடவையாவது ஊருக்கு வரட்டும். மசோதா ஓடுற நேரம் முழுக்க நேரலையில காட்டுங்க. ஒரே ஒரு உறுப்பினர் கேட்டாலும் எண்ணிக்கை வாக்கெடுப்பு நடத்தி யார் எந்தப் பக்கம்னு பேரோட அன்னிக்கு சாயந்தரமே வெளியிடுங்க. எதிர்க்கட்சிங்களுக்கும் சொல்றேன், வெளிநடப்பு பண்ணிட்டு மைக் முன்னாடி நிக்கிறதுக்கு பதிலா உள்ள நின்னு வாக்கெடுப்பு கேளுங்க, தோத்தாலும் பேராவது பதிவாகும்.

தகுதிநீக்க மனு எதுவா இருந்தாலும் மூணு மாசத்துல முடிங்க, மணிப்பூர் வழக்குல 2020 ஜனவரியிலேயே சுப்ரீம் கோர்ட் பொதுவா அந்தக் கணக்கைத்தான் சொல்லியிருக்கு.

2023ம் வருஷ நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை, அது மேல நடக்காத அந்த விவாதத்தை இப்பவாவது நடத்துங்க. பன்னண்டு மணி நேரத்தை வாபஸ் வாங்குன அதே கையால இதையும் வாபஸ் வாங்குங்க. முடியாதுன்னா, அந்தந்த ஊர் கிராம சபை சம்மதம் இல்லாம எந்த ஏரியையும் திட்டத்துக்குள்ள கொண்டு வர முடியாதுன்னு ஒரு திருத்தம் கொண்டு வாங்க. அதுவரைக்கும் அந்தச் சட்டத்துல ஒரு அறிவிப்பு கூட வெளியிடாதீங்க.

கடைசியா ஒண்ணு. மே 1ம் தேதி கிராம சபை இருக்கு, எனக்கு கம்பெனி லீவும் கூட. 234 பேரும் அவங்கவங்க தொகுதியில ஏரி இருக்கிற ஒரு ஊர் கிராம சபைக்குப் போங்க, சால்வை மாலை வேணாம், போயி எழுந்து நின்னு, 2023 ஏப்ரல் 21 அன்னிக்கு அந்த ரெண்டு மசோதாவுக்கும் நீங்க என்ன சொன்னீங்கன்னு சொல்லுங்க. ஆமா, இல்லை, இல்லன்னா அன்னிக்கு சபையிலேயே இல்லை, எதுவா இருந்தாலும் சரி. அது அந்த ஊர் தீர்மான நோட்டுல எழுதப்படணும், கீழ உங்க கையெழுத்தும் இருக்கணும்.

இப்படிக்கு,
ரெண்டாவது மதகுக்குக் கீழ ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கிற வீட்டுப் பையன்,
உத்திரமேரூர் பக்கம்